நுரை ரசிகமணி

என் மச்சினன் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால்கூட முகர்ந்து பார்ப்பான். முன்பெல்லாம் இப்படி இல்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போனான். இந்திராநகரில் வீடு எடுத்தான். அங்கே 2010 வாக்கில் தொடங்கி வரிசையாக முளைத்த மைக்ரோ ப்ரூவரிகளில் சனி ஞாயிறுகளைக் கழித்தான். ஏழெட்டு வருஷத்தில் ஆளே மாறிவிட்டான். வயிறும் கொஞ்சம் மாறியது, ஆனால் பெரிய மாற்றம் மூக்கில்தான்.

இவனைப் போன்றவர்களுக்குக் கிராஃப்ட் பீர் ரசிகர்கள் என்று பெயர். நமக்குத் தெரியாத இனம் அல்ல. டிகாஷனில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று முதல் மடக்கிலும், கொட்டையை எந்தப் பதத்தில் வறுத்தார்கள் என்று இரண்டாம் மடக்கிலும் சொல்லிவிட்டு, மிச்சக் காபியை ஆறவிட்டுக் குடிப்பவரைப் பார்த்திருக்கிறோம். டிசம்பர் சபாவில் பாடகர் ஆலாபனையைத் தொடங்கியதும் பக்கத்து நாற்காலிக்காரரின் காதில் ராகத்தின் பெயரைச் சொல்லாவிட்டால் மூச்சு முட்டிப்போகிறவரையும் பார்த்திருக்கிறோம். அதே ஆள்தான், கையில் மட்டும் வேறு கிளாஸ். கம்பனை ரசித்த டி.கே.சி.யை ரசிகமணி என்றார்கள். கசப்பை ரசிக்கிற என் மச்சினனுக்கு அந்தப் பட்டத்தை இந்தக் கட்டுரை முடியும்வரை இரவல் தருகிறேன். டி.கே.சி. பெரிய மனசுக்காரர், மன்னிப்பார்.

டாஸ்மாக் ஜன்னலில் பீரைப் பற்றி நம் மக்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "கூலிங் இருக்கா?" ரசிகமணியிடம் கேள்விகள் ஏராளம். ஹாப்ஸ் எந்த நாட்டுப் பூ? எப்போது போட்டார்கள், கொதிக்கும்போதா, ஆறிய பிறகா? ஈஸ்ட் எந்த ஊர்? தண்ணீரில் ஜிப்சம் உண்டா? கடைக்காரர் பதில் சொன்னால் அவனுக்குச் சந்தோஷம். பதில் தெரியாமல் விழித்தால் அதைவிடச் சந்தோஷம்.

போன புரட்டாசியில் கம்பெனி வேலையாக லண்டனுக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கினான். புரட்டாசி முழுக்க அசைவம் தொடமாட்டான். பீர் தொடுவான். "பார்லி தானியம், ஹாப்ஸ் பூ, மிச்சம் தண்ணி. இதுல அசைவம் எங்கே இருக்கு அத்தான்?" என்பது அவன் கட்சி. ஈஸ்ட்டைப் பற்றிச் சாஸ்திரத்தில் ஒன்றும் சொல்லியிருப்பதாகத் தெரியாததால் நானும் வாதாடவில்லை.

முதல் சனிக்கிழமை பெர்மாண்ட்ஸிக்குப் போனான். அங்கே ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் வரிசையாகச் சிறு பீர் ஆலைகள் இருக்கின்றன. பீர் மைல் என்பார்கள். பழநிக்குக் காவடி எடுத்தவன் மாதிரி ஒரு கடை விடாமல் நடந்து முடித்து, ஒவ்வொரு கிளாஸுக்கும் அன்டாப்டு செயலியில் ஐந்துக்கு எத்தனை என்று மார்க் போட்டுவிட்டு வந்தான். மறுவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்தான்.

"அத்தான், ஒரிஜினல் பிரிட்டிஷ் பப் ஒண்ணு பார்க்கணும்."

சதக்கில் ஜார்ஜ் என்று ஒரு பழைய சத்திரம் இருக்கிறது. தீ விபத்துக்குப் பிறகு 1677இல் திரும்பக் கட்டியது. முற்றத்தைப் பார்த்த மரத் தாழ்வாரங்களோடு லண்டனில் மிஞ்சியது அது ஒன்றுதான். நேஷனல் டிரஸ்டின் சொத்து. அங்கே கூட்டிப்போகிறேன் என்றேன்.

"அது டூரிஸ்ட் இடம். ஜனங்க நிஜமா குடிக்கிற இடமா காட்டுங்க."

சரி, எங்கள் தெருமுனைக்கே போகலாம் என்றேன். பப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இங்கிலாந்து முழுக்கச் சிவப்புச் சிங்கம், மகுடம், அரச ஓக் என்று திரும்பத் திரும்ப வைக்கிற பெயர்களில் ஒன்றுதான். உள்ளே பூப்போட்ட தரைவிரிப்பு. அதன் நிறம் சிவப்பா பழுப்பா என்பதில் இரண்டு கட்சி உண்டு. சுவரில் டார்ட்ஸ் பலகை, மூலையில் கணப்பு, கணப்புக்குப் பக்கத்தில் ஒரு கிழ நாய். பாட்டு கிடையாது.

ரசிகமணி ஜன்னலோர மேஜையைப் பார்த்து உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. சர்வருக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தான். பப்பில் மேஜைக்கு யாரும் வரமாட்டார்கள், நாம்தான் கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டு, காசைக் கொடுத்து, கிளாஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வாரம் சோறு போடுகிறவனுக்கு இந்த அளவு வேடிக்கைகூட இல்லாவிட்டால் எப்படி?

கவுன்ட்டரில் இருந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். "என்ன வேணும், லவ்?" என்றார். ரசிகமணிக்குக் காது சிவந்துவிட்டது. கோயம்புத்தூர்க் காய்கறிக் கடையம்மா "என்ன கண்ணு வேணும்?" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தமிழில் விளக்கினேன். கொஞ்சம் தேறினான்.

"நல்லா கலங்கலா, நியூ இங்கிலாந்து ஸ்டைல்ல ஏதாவது இருக்கா?"

அம்மாள் புருவத்தைச் சுருக்கினார். "கலங்கலாவா? கலங்கலா வந்தா நாங்க திருப்பி எடுத்துக்கிட்டு வேற தருவோமே."

ரசிகமணியின் உலகத்தில் மாம்பழ ஜூஸ் மாதிரி கலங்கியிருப்பது உயர்ந்த ஜாதி பீர். அந்த அம்மாளின் உலகத்தில் பீர் கலங்கியிருந்தால் பீப்பாயில் கோளாறு. ஒருவர் மெடல் கொடுக்கிற காரணத்துக்கு இன்னொருவர் காசைத் திருப்பிக் கொடுக்கிறார்.

அடுத்து, ருசி பார்க்க ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கேட்டான். அதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. ஒரு மடக்கு கொடுத்தார். இரண்டாவதிலும் கொடுத்தார். மூன்றாவது, நான்காவது. அங்கே மொத்தம் நான்குதான் இருந்தது. "முதல்ல கொடுத்தது இன்னொரு தடவை?" என்றான். பின்னாலிருந்து யாரோ லேசாக இருமினார்கள். பப் கவுன்ட்டரில் கண்ணுக்குத் தெரியாத வரிசை ஒன்று உண்டு. யாருக்குப் பிறகு யார் என்பது அத்தனை பேருக்கும் மனப்பாடம். யாரும் இடிக்கமாட்டார்கள், "சீக்கிரம் சார்" என்று சொல்லமாட்டார்கள். இருமுவார்கள். இந்த ஊரில் அந்த இருமல் ஒரு கெட்ட வார்த்தை. நானே முந்திக்கொண்டு இரண்டு பைன்ட் பிட்டர் சொன்னேன்.

அம்மாள் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் நீளமாக இழுத்தார். மின்சாரம் இல்லை, கேஸ் அழுத்தம் இல்லை. நிலவறையில் கிடக்கிற பீப்பாயிலிருந்து குழாய் வழியாகக் கைப்பலத்தில் ஏறி வருகிறது. ஊரில் அடிபம்பு அடித்துத் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ரசிகமணி மட்டும் செல்போனில் வீடியோ எடுத்தான். மூன்று இழுப்பில் கிளாஸ் நிரம்பியது: 568 மில்லி, விளிம்பு வரைக்கும். மேலே நுரை விரலின் நகம் அளவுக்குக்கூட இல்லை.

"நுரை...?" என்று கிளாஸின் மேல்பக்கத்தைச் சுட்டிக் காட்டினான்.

"ஐயோ, மன்னிச்சுக்கோ லவ்" என்று அம்மாள் கிளாஸைத் திரும்ப வாங்கி, பம்பை இன்னொரு இழுப்பு இழுத்து, இருந்த கொஞ்ச நுரையும் வழிந்தோட விட்டு, கிளாஸைத் துடைத்துக் கொடுத்தார். நுரை குறைவு என்று இவன் புகார் செய்தான். அளவு குறைவு என்று அவர் புரிந்துகொண்டார். லண்டனில் நுரையைக் காட்டிப் பேசுகிறவன் காசுக்குப் பீர் வரவில்லை என்று சொல்கிறான் என்றுதான் அர்த்தம். வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் போனால் குழாய் முனையில் ஸ்பார்க்லர் என்று சல்லடைபோல் ஒரு மூடியை மாட்டிப் பாலாடை மாதிரி நுரை எழுப்புவார்கள். அந்த மூடி வேண்டுமா வேண்டாமா என்பதில் வடக்குக்கும் தெற்குக்கும் பல காலமாக வழக்கு. காஞ்சிபுரம் யானைக்கு எந்த நாமம் என்கிற வழக்கை அறிந்த நம்மைப் போன்றவர்கள் இதில் தலையிடாமல் இருப்பது நல்லது.

மேஜைக்கு வந்ததும் ரசிகமணி சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டர் எடுத்தான். குழந்தைக்குப் பால் சூடு பார்க்க வாங்கியதாம். பீருக்குள் முக்கினான்.

"பன்னிரண்டரை டிகிரி! கூலிங்கே இல்ல அத்தான்!"

எத்தனை வருஷம் இந்திராநகரில் இருந்தாலும் அடியில் டாஸ்மாக்தான் இருக்கிறது. பன்னிரண்டு டிகிரிதான் அந்தப் பீருக்குச் சரியான பதம். ஐஸ் மாதிரி குளிர வைத்தால் நாக்கு மரத்துப்போய் ருசி தெரியாது. இதைச் சொன்னதும், தனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிட்டுச் சடங்கைத் தொடங்கினான். கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தான். சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டு மூன்று தடவை இழுத்தான். ஒரு மடக்கை வாயில் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி உருட்டி, கண்ணை மூடி, விழுங்கினான்.

"பிஸ்கட். ஆரஞ்சுத் தோல். ஈர வைக்கோல். கடைசியில லேசா மண் வாசனை."

பக்கத்து மேஜையில் நாய்க்குச் சொந்தக்காரரான பெரியவர் உட்கார்ந்திருந்தார். இந்தப் பப்புக்கு நாற்பது வருஷமாக வருகிறவர். மண் வாசனை என்றதும் தன் பூட்ஸைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

இங்கே அந்தப் பீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் வாங்கிய பிட்டர் காஸ்க் ஏல் வகை. காஸ்க் ஏல் என்பது உயிரோடு இருக்கிற பீர். ஆலையில் வடிகட்டிக் கொன்று அனுப்புவதில்லை. ஈஸ்ட் உள்ளே இருக்க, பீப்பாய்க்குள்ளேயே மறுபடி நொதிக்கும். பப்பின் நிலவறையில் அதைப் படுக்கப் போட்டு, மேல் துளையில் மரமுளை அடித்து மூச்சுவிட வைத்து, அடங்கியதும் இன்னொரு முளையால் இறுக்கி, மண்டி கீழே படியும்வரை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். ஃபர்கின் என்கிற சிறு பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட். ஒரு பைன்ட் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரும். காற்றுப் பட்டால் நாள் எண்ண வேண்டியதுதான். மூன்று நாளில் தீர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் புளிப்பு ஏறிவிடும்.

இதை எழுதும்போது எங்கள் தாத்தா ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் 1987இல் கள்ளை நிறுத்துவதற்கு முன்னால், திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டில் காலையில் இறக்கிய கள் மத்தியானத்துக்குள் என்ன ஆகும், சாயங்காலம் என்ன ஆகும் என்று அவருக்கு அத்துப்படி. ஒரு மடக்கு குடித்துவிட்டு எந்த மரத்துக் கள் என்று சொல்வார். ஈர வைக்கோல், ஆரஞ்சுத் தோல் என்றெல்லாம் சொல்லத் தெரியாது. "கிணத்தடி மரம்" என்பார், அவ்வளவுதான். ஏறினவர் தலையாட்டுவார்.

தாத்தா காலத்துக் கள்ளுக்கு வந்த நிலைமை இங்கே பீருக்கு வேறு வழியில் வந்தது. பெரிய கம்பெனிகள் வடிகட்டிச் சூடாக்கிக் கேஸ் ஏற்றிய கெக் பீரை நாடு முழுக்க நிரப்பின. கெட்டுப்போகாது, யாரும் நிலவறையில் கண்விழிக்க வேண்டாம். பொறுக்க முடியாமல் 1971இல் நான்கு இங்கிலாந்து இளைஞர்கள், அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன இடத்தில், ஒரு பாரில் உட்கார்ந்து சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் கேம்ரா. பீருக்காகச் சங்கம் கண்டவர்கள். 1974இலிருந்து நல்ல பீர் கிடைக்கிற பப்களுக்கு வருஷா வருஷம் கையேடு வேறு போடுகிறார்கள். இதில் வேடிக்கை, ரசிகமணியின் கிராஃப்ட் கூட்டம் கொண்டாடுகிற பீர்களில் முக்கால்வாசி கெக்கில்தான் வருகிறது. இரண்டு கட்சிக்கும் பெரிய கம்பெனி எதிரி. அதைவிடப் பெரிய எதிரி அடுத்த கட்சி.

பெரியவரிடம் ரசிகமணி திரும்பினான். "சார், இந்தப் பீர் உங்களுக்கு எப்படி இருக்கு?"

பெரியவர் தன் கிளாஸைப் பார்த்தார். ஒரு மடக்கு குடித்தார். "நேத்தைவிடத் தேவலை. நேத்துத்தான் திறந்தாங்க, இன்னும் அடங்காம இருந்துச்சு. இன்னைக்குச் சரியா இருக்கு. நாளைக்கு ராத்திரி பார்க்காது."

ரசிகமணி இதையும் செல்போனில் குறித்துக்கொண்டான். எந்தத் தலைப்பில் குறிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினான்.

பெரியவர் எழுந்துபோய் எங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்தார். அதற்குள் தபால்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆகவே நான்கு பேர். பப்பில் நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு ரவுண்டு. ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். நான் ஒரு பைன்டோடு எழுந்துவிடுகிறேன் என்று சொல்ல இடம் இல்லை. மொய் எழுதுகிற ஊரில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "மூணே முக்கால் பர்சென்ட்தானே அத்தான், மோர் மாதிரி" என்றான் ரசிகமணி. அவன் வழக்கமாகக் குடிப்பது எட்டு பர்சென்ட். மோர் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள்.

தபால்காரர் ஒரு பாக்கெட்டைப் பிரித்து நடுவில் வைத்தார். பொன்னிறமாக, உப்பி, அரிசி வற்றல் மாதிரி இருந்தது. ரசிகமணி கை நீட்டினான். நான் பிடித்துவிட்டேன். பன்றித் தோல் வறுவல். "புரட்டாசி" என்றேன். கையை உதறிக்கொண்டான். கண்டத்திலிருந்து தப்பித்த தெம்பில் கவுன்ட்டருக்குப் போய், காலிக் கிளாஸ்களை வைத்துவிட்டு அம்மாளிடம் சந்தேகம் கேட்டான். வடிகட்டாத பீர் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது?

"மீன் குடல், லவ்" என்றார் அம்மாள்.

ஐசிங்கிளாஸ் என்று பெயர். மீனின் காற்றுப்பையைக் காயவைத்துக் கரைத்துப் பீப்பாயில் விடுவார்கள். அது ஈஸ்ட்டை இழுத்துக்கொண்டு போய் அடியில் படியும். இப்போது பல ஆலைகள் இதைக் கைவிட்டுவிட்டன. இந்தப் பப்பில் வாங்குகிற ஆலை கைவிடவில்லை.

திரும்பி வந்தவன் முகம் திதியன்று முட்டை தின்றவன் முகம் மாதிரி இருந்தது. இரண்டு பைன்ட் உள்ளே போயாயிற்று.

"அத்தான், அது அடியிலதானே படியும்?"

"அடியிலதான்."

"அப்போ கிளாஸுக்கு வராது."

"வராது."

கொஞ்ச நேரம் நாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அக்காகிட்ட சொல்லாதீங்க" என்று மூன்றாவது கிளாஸை எடுத்துக்கொண்டான். அது தபால்காரர் வாங்கியது.

மூன்றாவது கிளாஸில் சரித்திரம் வந்தது. "உங்க ஐ.பி.ஏ., அதான் இந்தியா பேல் ஏல், எங்க மெட்ராஸுக்காகச் செஞ்சது சார்" என்று பெரியவரிடம் ஆரம்பித்தான். லண்டன் போ பகுதியின் ஹாட்ஜ்சன் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீர் ஏறியதும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வந்து சென்னைக் கரையில் இறங்கியதும் உண்மைதான். ஆனால் அந்தப் பீரை யாரும் இந்தியாவுக்கென்று உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. இங்கே ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்ததைத்தான் ஏற்றினார்கள், கறுப்புப் போர்ட்டரையும் கூடவே ஏற்றினார்கள். கிழக்கிந்தியப் பேல் ஏல் என்ற பெயர் அச்சில் முதலில் கிடைப்பதே 1829இல், சிட்னிப் பத்திரிகை விளம்பரம் ஒன்றில். ரசிகமணி இதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. மெட்ராஸ் என்ற சொல்லைக் கேட்ட பெரியவர், தன் மருமகளுக்கு மெட்ராஸ் கறி ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்ல, பேச்சு அவருடைய முழங்கால் ஆபரேஷனுக்குப் போய்விட்டது.

பேச்சு அங்கிருந்து குப்பைத்தொட்டியை மூன்று வாரமாக எடுக்காத கவுன்சிலுக்கு நகர்ந்தது. அங்கிருந்து தபால்காரரைக் கடித்த பூனைக்கு. மூன்று மணி நேரத்தில் அந்த மேஜையில் மற்ற இருவரும் பீரைப் பற்றிப் பேசியது, பெரியவர் சொன்ன அந்த நான்கு வாக்கியம் மட்டும்தான். 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் தனக்குப் பிடித்த பப் எப்படி இருக்கும் என்று ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். அதில் பீரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, அங்கே நிலவுகிற சூழலை முதலில் வைத்தார். அவர் கட்சிதான் நானும். ரசிகமணி அப்படி இல்லை. அவனுக்குப் பப் என்பது பீரைச் சுற்றிக் கட்டிய சுவர்.

பத்து ஐம்பதுக்கு அம்மாள் மணியடித்தார். கடைசி ஆர்டருக்கான மணி. அதற்குப் பிறகு கவுன்ட்டர் மூடிவிடும். முறைப்படி நான்காவது ரவுண்டு ரசிகமணியுடையது. தபால்காரர் அவனைப் பார்த்தார். பெரியவர் பார்த்தார். நாய்கூடத் தலையைத் தூக்கியது. ரசிகமணி குனிந்து செல்போனில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தான். மணிச்சத்தம் அவனுக்குக் கேட்டது. அது என்ன மணி என்று தெரியவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அம்மாள் பம்புகளின்மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

அவன் போட்ட மார்க் மூன்றேகால். வெப்பத்துக்கு அரை மார்க்கும் நுரைக்கு அரை மார்க்கும் பிடித்திருந்தான். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மண் வாசனை அருமை" என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனை ஹீத்ரோவில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் நான் பப்புக்குப் போனபோது அந்தப் பிட்டரின் பம்பில் பெயர்ச்சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கெல்லாம் முடிந்துவிட்டதாம். பெரியவர் சொன்ன கணக்கு.

லண்டனில் ஒரு பைன்ட் ஆறு பவுண்டைத் தாண்டி நாளாகிறது. பெங்களூர் இந்திராநகர்ப் பக்கம் போகிற வாசகர்கள், அங்கே கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற யாரையாவது கண்டால், லண்டன் தெருமுனையில் நான்கு பைன்ட் பாக்கி நிற்கிறது என்று சொல்லுங்கள். ஆள் அவனாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வசூலித்து அனுப்புங்கள்.